விலகியவர், தங்கியவர், திரும்பியவர்: கேம்பிரிட்ஜ் உளவியலும் அந்தமானும்

டெலானிபூரிலிருந்து உளவியல் முதுகலை பயிலச் சென்னைக்குக் கப்பலேறும் மாணவர் சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்கிறார். பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். மனித மனத்தைப் புரிந்துகொள்ளப் போகிறோம் என்ற எதிர்பார்ப்புடன் செல்பவர், இரண்டு பருவத்தேர்வுகள் முடிந்து விடுமுறைக்குத் திரும்பும்போது வேறொரு கேள்வியைச் சுமந்து வருவதுண்டு: தொடர்வதா, விட்டுவிடுவதா? வகுப்பில் கிடைத்தவை வரையறைகள். பிற நாட்டில், பிற மக்களுக்காக வகுக்கப்பட்ட அளவுகோல்கள். சக மாணவர் நூறு பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து வாங்கிக் கணினியில் இட்டு முடிக்கும் ஆய்வேடு. மனம் எங்கே என்று கேட்க வகுப்பில் இடமில்லை. வீட்டிலோ கல்விக்கடன் இருக்கிறது. பாதியில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் இருக்கிறது.

இந்தத் தயக்கம் பெரும்பாலும் தனிமனிதத் தோல்வியாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் உளவியல் ஒரு பல்கலைக்கழகத் துறையாக உருப்பெற்ற நாளிலிருந்தே இக்கேள்வியும் அதனுடன் வந்துகொண்டிருக்கிறது. அத்துறையின் முதல் தலைமுறை மாணவர்களுள் ஒருவர் வேறு வழி தேடி வந்து சேர்ந்த இடம், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர்தான். அவர் வந்த ஆண்டு 1906. அவரது கதையை மட்டும் சொன்னால் அது விலகலின் வெற்றிக்கதையாகிவிடும். அவருடைய ஆசிரியரையும், அவருக்குப் பின் அதே ஆய்வகத்தில் நுழைந்த இன்னொரு மாணவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரம் முழுமை பெறும்.

முதலில் அந்தத் துறையின் நிலையைக் காண்போம். 1879இல் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1877இல், கேம்பிரிட்ஜில் அத்தகைய ஆய்வகம் வேண்டுமென ஜேம்ஸ் வார்டும் ஜான் வென்னும் முன்மொழிந்திருந்தனர். பல்கலைக்கழகப் பேரவை அதை ஏற்கவில்லை. மனித ஆன்மாவைத் தராசுத் தட்டில் நிறுத்துவது சமயத்துக்கு இழுக்கு என்ற எதிர்ப்பு அங்கு எழுந்ததாகத் துறை வரலாறு குறிப்பிடுகிறது. 1893இல் மருத்துவரான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் புலனுறுப்புகளின் உடலியலைக் கற்பிக்க அங்கு அழைக்கப்பட்டார். 1897இல் உடலியல் துறையில் ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. 1901இல்தான் ஒரு சிறு குடில் ஆய்வகத்துக்கென ஒதுக்கப்பட்டது. கருவிகள் வாங்கவும் பராமரிக்கவும் பல்கலைக்கழகம் அளித்த தொகை ஆண்டுக்கு 35 பவுன். இன்று உலகப் புகழ்பெற்ற ஒரு துறையின் தொடக்கம் இதுதான். அக்குடிலுக்குள் நுழைந்த மாணவர் எவரும் ஏமாற்றம் அடைந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆய்வகத்தின் எல்லையை முதலில் உணர்ந்தவர் அதன் ஆசிரியரே. 1898இல் ஏ. சி. ஹேடன் தலைமையில் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு ஒன்று சென்றது. முதலில் தயங்கிய ரிவர்ஸ், தம் மாணவர்களான சார்லஸ் மையர்ஸும் வில்லியம் மெக்டூகலும் செல்கிறார்கள் என்றறிந்த பின் தாமும் சேர்ந்துகொண்டார். அங்கு அவர் செய்யச் சென்றது பார்வை, நிற உணர்வு போன்ற புலனாற்றல்களை அளக்கும் வேலை. புலனாற்றல் குடும்பவழி வருகிறதா என்று அறிய, யார் யாருக்கு என்ன உறவு என்று வம்சாவளிகளைத் திரட்டினார். திரட்டத் திரட்ட, அந்த வம்சாவளிகளே அச்சமூகத்தின் உள்ளமைப்பைத் திறந்துகாட்டும் சாவி என்பது புலப்பட்டது. மானிடவியலின் அடிப்படை முறைகளுள் ஒன்றான வம்சாவளி முறை இவ்வாறு பிறந்தது. ஓர் உளவியல் கேள்வியைத் தளராமல் பின்தொடர்ந்ததன் பயனாகவே அது கிடைத்தது.

அடுத்து அவர் வந்தது நீலகிரிக்கு. 1901–02இல் தோதவர்களிடையே தங்கி, அவர்களின் புலன்களையும் சோதித்தார். உறவுமுறையையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் பதிவு செய்தார். தோதவர் பற்றிய அவருடைய பெருநூல் 1906இல் வெளிவந்தது. அந்நூலின் பெரும்பகுதி சமூகத்தைப் பற்றியது. ஆய்வகத்தின் தலைவர் பதவியை விடாமலே ஆய்வகத்துக்கு வெளியே போய்விட்டிருந்தார் எனலாம்.

இந்த ஆசிரியரிடம் உளவியல் பயின்றவர்தான் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் பிரவுன். பிற்காலத்தில் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற பெயரில் சமூக மானிடவியலின் மூலவர்களுள் ஒருவராக அறியப்பட்டவர். 1881இல் பர்மிங்ஹாமில் பிறந்தார். தந்தை ஒரு தொழிற்கூடத்தில் எழுத்தர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வசதியற்ற வீட்டிலிருந்து டிரினிட்டி கல்லூரிக்கு வந்த இளைஞர், தத்துவமும் உளவியலும் அடங்கிய ‘மாரல் சயன்ஸ்’ பாடத்தில் முதல் வகுப்பில் தேறினார். குரோபோட்கினின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்ததால் ‘அனார்க்கி பிரவுன்’ என்ற பட்டப்பெயரும் பெற்றிருந்தார். உளவியலில் தொடர்ந்திருந்தால் அவருக்குப் புதிய துறையொன்றின் முன்வரிசையில் இடம் இருந்தது. அவரோ ரிவர்ஸும் ஹேடனும் காட்டிய இன்னொரு பாதையைத் தேர்ந்தார். டோரஸ் பயணக்குழுவில் சென்று இளவயதிலேயே இறந்த ஆந்தனி வில்கின் நினைவாக ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை 1906இல் அவரை அந்தமானுக்குக் கொண்டுவந்தது.

அவர் வந்திறங்கிய போர்ட் பிளேர் ஒரு தண்டனைக் குடியேற்றம். 1896இல் தொடங்கிய செல்லுலர் சிறையின் கட்டுமானம் முடிந்ததும் அதே 1906இல்தான். கிரேட் அந்தமானியரோ, குடியேற்றத்தின் வழி பரவிய நோய்களால், குறிப்பாக 1877ஆம் ஆண்டின் தட்டம்மையால், அழிந்துகொண்டிருந்தனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர் 625 பேர். லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களிடையே பிரவுன் தொடங்கிய முயற்சி, மொழி வசப்படாததால் கைவிடப்பட்டது. பிறகு கிரேட் அந்தமானியரிடம் இந்துஸ்தானி வழியாகவும் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டும் செய்தி திரட்டினார். ஆய்வகத்தை விட்டுக் களத்துக்கு வந்தவுடன் எல்லாம் கைகூடிவிடவில்லை. களமும் தன் பங்குக்கு ஏமாற்றத்தைத் தந்தது.

1908இல் அவருக்கு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுநிலை கிடைத்தது. ஆறாண்டுகளில் அது முடிந்தது. அதன்பின் நிலையான பணி இல்லை. 1916 முதல் 1919 வரை டோங்கா தீவுகளில் கல்வி இயக்குநராகக் காலம் தள்ளினார். கேப் டவுனில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1921இல். போர்ட் பிளேருக்குக் கப்பலேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுகள். அந்தமானியர் பற்றிய நூல் வெளிவந்தது 1922இல். புகழ்பெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த இடைக்காலம் ஓரிரு வரிகளில் கடந்துபோகும். துறையை விடலாமா என்று எண்ணுபவருக்கு மிக வேண்டியது அந்த ஓரிரு வரிகளே. விலகியதற்கான விலை அங்குதான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அழுகையும் நடனமும் உணவுத் தடைகளும் ஏன் நிகழ்கின்றன என்பதை விளக்க பிரவுன் கையாண்ட மையச் சொல் ‘சென்டிமென்ட்’. சமூகம் நிலைபெறத் தேவையான உணர்வுநிலைகளைச் சடங்குகள் உறுப்பினர் மனத்தில் ஊன்றிக் காக்கின்றன என்பது அவர் வாதம். சமூகத்தைப் பற்றிய பார்வை எமில் டர்க்கெய்மிடமிருந்து வந்தது. ‘சென்டிமென்ட்’ என்ற சொல்லோ, அலெக்சாண்டர் ஷாண்டும் மெக்டூகலும் அக்கால ஆங்கில உளவியலில் நிலைநிறுத்தியது. சமூக மானிடவியல் வேறு, உளவியல் வேறு என்று பிற்காலத்தில் கறாராகக் கோடு கிழித்த அதே மனிதர், தம் முதல் நூலை எழுப்பியது பழைய வகுப்பறையில் கற்ற கருத்தின் மீதுதான். துறையை விட்டுப் போகலாம். கற்றது விட்டுப் போவதில்லை. இரண்டாண்டு வீணாகிவிட்டதே என்று வருந்துவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய உண்மை இது.

அவர் காணாமல் விட்டதையும் சொல்லியாக வேண்டும். சமநிலையில் இயங்கும் ஒரு சமூகத்தை அவர் எழுதினார். அச்சமூகம் அவர் கண்முன்னே சிதைந்துகொண்டிருந்தது. டெலானிபூருக்கு அருகிலுள்ள ஹாடோவில் அந்தமானியரைக் கொண்டுவந்து தங்கவைத்த ‘அந்தமான் இல்லம்’ இருந்தது. இடம்பெயர்ப்பும் நோயும் சாவும் ஒரு மக்களின் மனத்துக்கு என்ன செய்கின்றன என்ற கேள்வி அங்கேயே காத்திருந்தது. சில ஆண்டுகளில் சிறைக்குள்ளும் அக்கேள்வி எழுந்தது. அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டு அங்கு அடைக்கப்பட்ட உல்லாஸ்கர் தத், சிறைக் கொடுமையால் 1912இல் மனநிலை பிறழ்ந்தார். பின்னர் மதராஸ் மனநோய்க் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் அதிலிருந்து விலகி வந்த மானிடவியலும் இத்தீவின் இந்த மனங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. துறையை மாற்றிக்கொள்வதால் மட்டும் கேள்வி கூர்மை பெற்றுவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, தங்கியவர். ஃபிரெடரிக் பார்ட்லெட் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது அவர் மனம் நாடியது மானிடவியலை. ரிவர்ஸிடம் சென்றார். மானிடவியலராக விரும்புபவருக்கு உளவியல் ஆய்வகப் பயிற்சியே சிறந்த அடித்தளம் என்பது ரிவர்ஸின் அறிவுரை. ஒருவரைத் துறைக்கு வெளியே வழிகாட்டி அனுப்பிய அதே ஆசிரியர், இன்னொருவரை அதே துறையின் உள்ளே இருக்கச் சொன்னார். பார்ட்லெட் இருந்தார். அவர் காலத்து நினைவாற்றல் ஆய்வு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்து மறதியை அளக்கும் எபிங்ஹவுஸ் முறையைச் சார்ந்திருந்தது. அதில் அவருக்கு நிறைவில்லை. ஆயினும் ஆய்வகத்தை விடாமல், ஆய்வகத்துக்குள் கொண்டுவரும் பொருளை மாற்றினார். வட அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து ஃபிரான்ஸ் போவாஸ் பதிவுசெய்த ‘ஆவிகளின் போர்’ என்ற கதையைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் படிக்கத் தந்து, மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். அவர்கள் தமக்கு அந்நியமானவற்றை உதிர்த்து, தம் பண்பாட்டுக்கு ஏற்பக் கதையைத் திருத்தி எழுதினர். நினைவு என்பது சேமிப்பு அன்று, மறுகட்டுமானம் என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. நினைவு பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது 1932இல். மானிடவியலுக்குப் போக வந்தவர், மானிடவியலின் கேள்வியை உளவியலுக்குள் கொணர்ந்து நிறுத்தினார்.

தங்கியதும் எளிதாக நிகழ்ந்ததன்று. முதல் உலகப்போரில் மூத்தவர்கள் களமருத்துவத்துக்குச் சென்றுவிட, உடல்நலக் குறைவால் போருக்குப் போக இயலாத பார்ட்லெட்டின் கையில் ஆய்வகம் வந்தது. ஆசிரியர் சென்ற பின் துறையைத் தாங்கி நின்றவருக்கு முழுநிலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1931இல். பிரவுன் பேராசிரியரானதற்குப் பத்தாண்டு பின்னர். விலகியவர் மட்டுமல்லர், தங்கியவரும் காத்திருந்தார்.

ரிவர்ஸ் திரும்பிய கதை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. மெலனேசியச் சமூக வரலாறு எழுதி மானிடவியலராகவே அறியப்பட்ட நிலையில், போர் அவரை மனநோய் மருத்துவத்துக்கு இழுத்தது. 1916இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், போர் அதிர்ச்சியால் நடுங்கியும் பேச்சிழந்தும் வந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1917இல் அவரிடம் வந்தவர்களுள் கவிஞர் சீக்ஃபிரீட் சாஸூனும் ஒருவர். நினைவுகளை அடக்கி மறக்கச் சொல்லும் வழக்கத்துக்கு எதிராக, அவற்றைப் பேசவைத்துத் தாங்கக் கற்பிப்பதே மருந்து என்று எழுதினார். ஆண்டுக்கு 35 பவுனுக்குக் கருவி வாங்கிய குடிலில் கிட்டாத உளவியல், அவருடைய ஐம்பதுகளில் மருத்துவமனையில் கிடைத்தது. 1922 ஜூன் மாதம் திடீரென மறைந்தார்.

அதே 1922இல் மையர்ஸ் கேம்பிரிட்ஜை விட்டு விலகினார். தம் பணத்தையும் நண்பர்கள் உதவியையும் கொண்டு 1913இல் அங்கு முறையான ஆய்வகக் கட்டடத்தை எழுப்பியவர் அவர்தான். ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. நடைமுறை வாழ்வோடு தொடர்பு கொள்ள விரும்பாத பல்கலைக்கழகப் போக்கில் சலித்து, தாம் 1921இல் தொடங்கிய தொழில் உளவியல் நிறுவனத்துக்கு முழுநேரமாகச் சென்றார். கட்டியவரே கடைசியில் வெளியேற நேர்ந்தது.

இந்தியாவுக்கு உளவியல் வந்த விதமும் இவ்வரலாற்றின் தொடர்ச்சி. 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில், ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் முதல் துறை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல், ஜி. டி. போவாஸ் தலைமையில் துறை உருவாயிற்று. வந்தவை பாடத்திட்டமும் கருவிகளும். அவற்றைப் பிறப்பித்த கேள்விகள் வரவில்லை. 1974இல் ஆஷிஸ் நந்தியும் 1986இல் துர்கானந்த் சின்ஹாவும் இந்திய உளவியலின் இந்த இரவல் தன்மையை விரிவாக விமர்சித்து எழுதினர். இன்றைய மாணவர் வகுப்பறையில் அடையும் ஏமாற்றம் ஏற்கெனவே துறையின் மூத்தோரால் எழுதிவைக்கப்பட்டது. அது மாணவரின் திறமைக் குறைவன்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1934இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி, 1935இல் கட்டுரையாக வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில், இன்னும் பெரிய பேரிடர் வரும் என்ற வதந்திகள் ஏன் பரவின? அஞ்சியவர்கள் ஆறுதலைத் தேடாமல் அச்சத்தை வளர்க்கும் செய்தியை ஏன் நம்பினர்? இப்புதிர்தான் 1957இல் வெளிவந்த லியான் ஃபெஸ்டிங்கரின் அறிதல் முரண் கோட்பாட்டுக்குத் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாயிற்று. மாணவர்கள் மேலைக் கோட்பாடாக மனப்பாடம் செய்யும் ஒன்றின் வேரில் பாட்னாவின் தெருப்பேச்சு இருக்கிறது.

இவ்வரலாறு டெலானிபூர் மாணவருக்குத் தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. பிரவுனுக்கு உதவித்தொகை இருந்தது. ரிவர்ஸுக்குக் கல்லூரியின் ஆதரவு இருந்தது. பெயருக்குப் பின்னால் கேம்பிரிட்ஜ் இருந்தது. கல்விக்கடனோடு கப்பலேறியவருக்கு அவை இல்லை. எனவே ‘துணிந்து விலகு’ என்பதும் ‘பொறுத்துத் தங்கு’ என்பதும் பிறர் செலவில் சொல்லும் அறிவுரைகள். வரலாறு தரக்கூடியது, கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் முறை மட்டுமே.

ஏமாற்றம் எதில்? ஆசிரியரிடமா, பாடத்திட்டத்திலா, உளவியல் என்ற துறையிலா, அல்லது வேலைவாய்ப்பிலா? நான்குக்கும் மருந்து வேறு. நோயர்க்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று நம்பி முதுகலையில் சேர்ந்தவர், மருத்துவ உளவியலராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் அதற்கென்ற தனிப் பயிற்சியும் வேண்டும் என்பதை முதலாண்டின் நடுவில் அறிந்து திகைப்பதுண்டு. அது துறையின் மீதான வெறுப்பன்று. வழி தெரியாமையின் வலி. விலகுவதே முடிவென்றாலும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. இரண்டாண்டு முதுகலையில் முதலாண்டை முடித்து வெளியேறுவோர்க்கு முதுகலைப் பட்டயம் வழங்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024ஆம் ஆண்டு நெறிமுறை. அதைத் தம் பல்கலைக்கழகம் ஏற்றுள்ளதா என்று விசாரித்த பின் முடிவெடுப்பது, பருவத்தின் நடுவே கோபத்தில் எடுக்கும் முடிவைவிட நன்று.

அடுத்தது, கேள்வி கையில் இருக்கிறதா என்பது. பிரவுன், பார்ட்லெட், ரிவர்ஸ் மூவரும் மூன்று திசையில் சென்றனர். மூவரிடமும் பொதுவாக இருந்தது, துறை தந்த பாடத்தைவிடப் பெரிய ஒரு கேள்வி. கேள்வி இருந்தால் தங்குவதும் ஒரு வேலைத்திட்டம், விலகுவதும் ஒரு வேலைத்திட்டம். அது இல்லாதபோது இரண்டுமே காத்திருப்பாக முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு இத்தீவு பஞ்சமான இடமன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரின் நிம்ஹான்ஸ் குழுவினர் அந்தமான் நிகோபாருக்கு வந்து, முகாம்களில் இருந்தோருக்கு உளசமூக ஆதரவளிக்கும் பணியை மேற்கொண்டனர். கடலில் உறவை இழந்தும் கடலோரத்திலேயே வாழ்ந்தாக வேண்டிய மக்களின் துயரம் எந்த அளவுகோலில் அடங்கும்? தண்டனைக் குடியேற்றத்தின் வழித்தோன்றல்கள், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள், தம் எண்ணிக்கையில் சுருங்கிப்போன தொல்குடிகள் எனப் பல இடப்பெயர்வுகளின் நினைவு ஒரே ஊரில் எப்படிக் கைமாறுகிறது? 1906இல் வந்த இளைஞர் கேட்காமல் சென்ற கேள்விகள் இவை. ஹாடோ துறைமுகத்திலிருந்து அடுத்த கப்பல் புறப்படும் முன் எடுக்கவேண்டிய முடிவு எதுவாயினும், இக்கேள்விகளை எங்கிருந்தால் நன்றாகக் கேட்கமுடியும் என்பதை வைத்து அம்முடிவை எடுக்கலாம்.